முன் செய்த பாவங்கள் மன்னிக்கப்படும்: எவை கழியும், எவை பாக்கி நிற்கும்?

"குஃபிர லஹூ மா தகத்தம மின் தன்பிஹி." அவர் முன் செய்த பாவங்கள் மன்னிக்கப்படும். ரமலான் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. நபிமொழித் (ஹதீஸ்) தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இதே சொற்றொடர் பல அமல்களோடு (நற்செயல்களோடு) சேர்ந்து வருகிறது. ஈமானோடும் (இறைநம்பிக்கையோடும்) நன்மையை நாடியும் ரமலான் நோன்பு நோற்றவருக்கு. ரமலான் இரவுகளில் நின்று வணங்கியவருக்கு. ரமலானின் கண்ணியமிக்க இரவான லைலத்துல் கத்ரில் நின்று வணங்கியவருக்கு. இமாமுக்குப் பின்னால் சொன்ன ஆமீன் வானவர்களின் ஆமீனோடு ஒத்துப்போனவருக்கு. உஸ்மான் (ரலி) செய்துகாட்டிய முறையில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்து, மனம் அலையாமல் இரண்டு ரக்அத் தொழுதவருக்கு.

இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன. அப்படியானால் பத்து வருடம் தொழாமல் இருந்தவர் ஒரே ரமலானில் கணக்கை முடித்துவிடலாமா? அண்ணன் தம்பிகள் சேர்ந்து சகோதரிக்குக் கொடுக்காமல் விட்ட சொத்துப் பங்கு அரஃபா நோன்போடு கழிந்துவிடுமா? பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்காமலே ‘ஆம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். குர்ஆனையும் ஹதீஸையும் சேர்த்துப் படித்த இமாம்கள் சொன்ன பதில் அதுவல்ல. மன்னிப்பு எல்லையற்றது, சந்தேகமில்லை. ஆனால் குற்றம் வேறு, பாக்கி வேறு. குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகும் பாக்கி நிற்கலாம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழில் எல்லாவற்றையும் ‘பாவமன்னிப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். அரபியில் குறைந்தது மூன்று சொற்கள் உண்டு. ‘மஃக்ஃபிரத்’தின் வேர்ப்பொருள் மூடுதல், போரில் தலையை மூடிக் காக்கும் கவசத்துக்கு ‘மிஃக்ஃபர்’ என்று பெயர். பாவத்தை மறைப்பதும் அதன் தீங்கிலிருந்து காப்பதும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ‘அஃப்வு’ என்றால் தடயமில்லாமல் அழித்தல். லைலத்துல் கத்ரில் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது நபி (ஸல்) கற்றுக்கொடுத்த துஆ இந்தச் சொல்லைக் கொண்டதுதான்: "அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃபு அன்னீ" (அல்லாஹ்வே, நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புபவன், என்னை மன்னிப்பாயாக). இந்த இரண்டும் அல்லாஹ் செய்பவை. மூன்றாவதான ‘தவ்பா’ மனிதன் செய்வது. அதன் பொருள் திரும்பி வருதல். போன வழியிலேயே நடந்துகொண்டு ‘திரும்பிவிட்டேன்’ என்று சொன்னால் அது தவ்பா ஆகாது.

சிறியவை தானாகக் கரையும்

அல்குர்ஆன் 4:31, பெரும்பாவங்களைத் தவிர்த்துக்கொண்டால் சிறிய தீமைகளை நாம் அகற்றிவிடுவோம் என்கிறது. முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இதைக் கால அளவோடு சொல்கிறது: ஐந்து நேரத் தொழுகைகள், ஒரு ஜும்ஆவிலிருந்து மறு ஜும்ஆ, ஒரு ரமலானிலிருந்து மறு ரமலான், இவை இடைப்பட்ட பாவங்களுக்குப் பரிகாரம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: பெரும்பாவங்கள் தவிர்க்கப்பட்டிருக்க வேண்டும். மேலே கண்ட ‘முன் செய்த பாவங்கள்’ என்ற பொதுவான சொல்லையும் பெரும்பாலான அறிஞர்கள் இந்த நிபந்தனையோடு சேர்த்தே படித்தார்கள். அரஃபா நோன்பு சென்ற ஆண்டுக்கும் வரும் ஆண்டுக்கும், ஆஷூரா நோன்பு சென்ற ஆண்டுக்கும் பரிகாரம் என்ற ஹதீஸும், ‘ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி’ என்று ஒரு நாளில் நூறு முறை சொன்னவரின் பாவங்கள் கடல் நுரையளவு இருந்தாலும் அழியும் என்ற ஹதீஸும் அவர்கள் பார்வையில் இதே வகைதான்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி தெளிவான சான்று. ஒருவர் ஒரு பெண்ணை முத்தமிட்டுவிட்டு, மனம் உறுத்தி, நபியிடம் வந்து சொன்னார். "பகலின் இரு முனைகளிலும் இரவின் பகுதிகளிலும் தொழுகையை நிலைநாட்டுவீராக, நன்மைகள் தீமைகளைப் போக்கிவிடும்" என்ற 11:114 வசனம் அப்போது இறங்கியது. "இது எனக்கு மட்டுமா?" என்று அவர் கேட்டார். "என் சமுதாயம் முழுவதற்கும்" என்றார்கள். வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் தினம் ஐந்து முறை குளிப்பவர் உடலில் அழுக்கு மிஞ்சுமா என்று நபி (ஸல்) கேட்டதும் இதற்காகத்தான்.

பெரும்பாவங்கள் இப்படித் தானாகக் கரைவதில்லை. இணைவைத்தல், சூனியம், கொலை, வட்டி உண்பது, அனாதையின் சொத்தை உண்பது, போர்க்களத்திலிருந்து ஓடுவது, கற்புள்ள பெண்மீது அவதூறு சொல்வது என்று அழிவில் தள்ளும் ஏழு பாவங்களை நபி (ஸல்) எண்ணிச் சொன்னார்கள். விபச்சாரம், மது, திருட்டு, பெற்றோரை நோவினை செய்வது போன்றவையும் இந்தக் கணக்கில் சேரும். இவற்றுக்குத் தனியாகத் தவ்பா வேண்டும். தவ்பா செய்யாமலே ஒருவர் இறந்துவிட்டால் அவர் விஷயம் அல்லாஹ்வின் நாட்டத்தில் இருக்கிறது. இணைவைத்தலைத் தவிர மற்றதைத் தான் நாடியவருக்கு மன்னிப்பான் என்கிறது 4:48. "என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், அல்லாஹ் பாவங்கள் அனைத்தையும் மன்னிப்பான்" என்ற 39:53 தவ்பா செய்தவர்களைப் பற்றியது. அங்கே இணைவைத்தலுக்குக்கூட விலக்கு இல்லை. இரண்டு வசனங்களும் முரண்படுவதுபோலத் தோன்றுவது இந்த வேறுபாட்டை விட்டுவிடுவதால்தான்.

தவ்பாவின் உறுப்புகள்

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்ட வழிமுறையின்) தூண்களில் ஒருவர். அவர் தவ்பாவின் நிபந்தனைகளை இப்படித் தொகுத்தார்: பாவத்தை விட்டு விலகுவது, செய்ததற்கு வருந்துவது, இனி ஒருபோதும் அதற்குத் திரும்ப மாட்டேன் என்று உறுதி கொள்வது. இன்னொரு மனிதரின் உரிமை அதில் கலந்திருந்தால் நான்காவது ஒன்று சேரும்: அந்த உரிமையிலிருந்து விடுபடுவது. ஒன்று குறைந்தாலும் தவ்பா நிறைவேறாது.

எங்கே தவறுகிறது? விலகுவதில்தான் முதல் கோளாறு. வட்டிக்குக் கொடுத்த பணம் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருக்க, இங்கே தஸ்பீஹ் மணியில் ‘அஸ்தக்ஃபிருல்லாஹ்’ ஓடும். வருந்துவதில் வேறொரு கோளாறு. குடியால் உடல் கெட்டது என்று வருந்துவதும், பிடிபட்டுவிட்டோமே என்று வருந்துவதும் இழப்பைப் பற்றிய கவலை. அல்லாஹ்வுக்கு மாறு செய்தேன் என்ற வருத்தம் அதில் இல்லை. "வருந்துவதே தவ்பா" என்று நபி (ஸல்) சொன்னது, மாறு செய்தேன் என்ற இந்த வருத்தத்தைத்தான். உறுதி கொள்வதில் ஆபத்தானது, ‘இப்போது செய்வோம், பிறகு திருந்திக்கொள்வோம்’ என்ற திட்டம். யூஸுஃபை (அலை) ஒழித்துக்கட்டப் பேசிய சகோதரர்கள் "அதன் பிறகு நல்லவர்களாகிவிடலாம்" என்றே சொன்னார்கள். அதை 12:9 பதிவு செய்திருக்கிறது.

உறுதி கொண்டது உண்மையாக இருந்து, பிறகு மறுபடி வழுக்கி விழுந்தால்? முந்தைய தவ்பா முறிந்துவிடாது. பழைய பாவம் மன்னிக்கப்பட்டபடியே இருக்கும். புதிய பாவத்துக்குப் புதிய தவ்பா. பாவம் செய்து, "என் இறைவா, மன்னிப்பாயாக" என்று கேட்டு, மீண்டும் செய்து, மீண்டும் கேட்ட அடியானை மூன்று முறையும் அல்லாஹ் மன்னித்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதேபோல, புகைப்பழக்கத்தை விட முடியவில்லை என்பதற்காக வட்டியிலிருந்து தவ்பா செய்வதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு பாவத்தில் இருந்துகொண்டே இன்னொன்றிலிருந்து செய்யும் தவ்பா செல்லும் என்பதே அஹ்லுஸ் ஸுன்னா (ஸுன்னி) அறிஞர்களின் நிலை. எல்லாம் சரியான பிறகு மொத்தமாகத் திரும்பலாம் என்று காத்திருந்தே ஆயுளைக் கழித்தவர்கள் அதிகம்.

செய்முறை எளிது. இடையில் எந்த மனிதரும் தேவையில்லை. நல்ல முறையில் ஒளு செய்து, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது என்று அபூபக்கர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. வார்த்தைக்குத் தேடினால், மன்னிப்புக் கோரும் துஆக்களின் தலைமையானது எனப்படும் ஸய்யிதுல் இஸ்திக்ஃபாரைவிடச் சிறந்தது இல்லை. அதன் நடுவில் ‘அபூஉ’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. ஒத்துக்கொள்கிறேன் என்று பொருள். முதலில் "நீ எனக்குச் செய்த அருட்கொடையை ஒத்துக்கொள்கிறேன்", அடுத்து "என் பாவத்தை ஒத்துக்கொள்கிறேன்". அதன் பிறகுதான் "என்னை மன்னிப்பாயாக". சாக்குச் சொல்ல அந்த துஆவில் ஒரு சொல்கூட இல்லை. உறுதியான நம்பிக்கையோடு பகலில் இதைச் சொல்லி மாலைக்கு முன் இறப்பவரும், இரவில் சொல்லி விடியுமுன் இறப்பவரும் சுவர்க்கவாசி என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

அல்லாஹ்வுக்குத் தர வேண்டிய பாக்கி

விடுபட்ட தொழுகைகளுக்கு வருவோம். தூங்கியோ மறந்தோ தொழுகையை விட்டவர் நினைவு வந்ததும் தொழட்டும், அதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை என்பது நபிமொழி. வேண்டுமென்றே விட்டவரும் களா செய்ய (விட்டதைப் பிறகு நிறைவேற்ற) வேண்டும் என்பது ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு: மறந்தவருக்கே கடமை என்றால் வேண்டுமென்று விட்டவருக்கு இன்னும் வலுவாகக் கடமை. இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா ஆகியோர் மாறுபட்டார்கள். நேரம் போன பிறகு அந்தத் தொழுகை செல்லாது, தவ்பா செய்து நஃபில்களை (கடமையல்லாத கூடுதல் வணக்கங்களை) அதிகப்படுத்த வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் தவ்ஹீத் இயக்க மேடைகளில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கருத்து. மதரஸா ஆலிம்கள் சொல்வது முதலாவது. எதைப் பின்பற்றினாலும் ‘விட்டது போகட்டும்’ என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

களா செய்பவர் முதலில் கணக்குப் போட வேண்டும். பருவமடைந்த நாளிலிருந்து தொடங்குவது முறை. அடையாளம் எதுவும் தெரியவில்லையென்றால் சந்திரக் கணக்கில் 15 வயது. பத்து ஆண்டுகள் தொழவில்லை என்று வைத்துக்கொள்வோம். சந்திர ஆண்டுக்கு 354 நாள், ஆக 3,540 நாள், 17,700 தொழுகைகள். எண்ணைப் பார்த்ததும் மலைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். மலைக்க வேண்டாம். ஒரு நாளின் ஃபர்ளுகள் (கட்டாயத் தொழுகைகள்) மொத்தம் 17 ரக்அத். ஹனஃபிகளுக்கு இரவின் வித்ரு தொழுகையும் வாஜிப் (அவசியம்) என்பதால் அதையும் சேர்த்து 20. ஒவ்வொரு ஃபர்ளோடும் அதே வக்தின் (வேளையின்) களா ஒன்றைத் தொழுதால் பத்து ஆண்டில் முடியும்; இரண்டு தொழுதால் ஐந்து ஆண்டில். ஷாஃபி மத்ஹபில் காரணமின்றி விட்டதை உடனடியாக நிறைவேற்றுவது கடமை, களா பாக்கி இருக்கும்போது நஃபிலில் நேரத்தைச் செலவிடக் கூடாது என்றே சொல்வார்கள். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் நேரத்தில் களா தொழுபவர்களைப் பார்த்தால் காரணம் இதுதான்.

சில நுட்பங்கள். நிய்யத்தில் (தொழும்போது கொள்ளும் எண்ணத்தில்) எந்தத் தேதியின் லுஹர் என்று தெரியாமல் தடுமாறுபவர்கள், ‘என்மேல் பாக்கியுள்ள முதல் லுஹர்’ என்று கருதிக்கொள்ளலாம் என ஹனஃபி நூல்கள் வழிகாட்டுகின்றன. விடுபட்டவை ஆறு அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டால் வரிசை பேண வேண்டிய கட்டாயம் அந்த மத்ஹபில் நீங்கிவிடும். சூரியன் உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் மறையும்போதும் ஹனஃபிகள் களா தொழக் கூடாது. ஷாஃபிகளுக்கு அந்தத் தடை இல்லை. பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். அந்த நாட்களின் தொழுகைக்கு களா இல்லை. நோன்புக்கு மட்டும் உண்டு. இதைத் தெரியாமல் நோன்பை விட்டுவிட்டவர்கள் பலர்.

நோன்பில் எண்ணிக்கை சிறியது, ஆனால் சிக்கல் அதிகம். வெறுமனே விட்ட நோன்புக்கு ஒன்றுக்கு ஒன்று களா. அடுத்த ரமலான் வந்த பிறகும் காரணமின்றித் தாமதித்தால் ஷாஃபி மத்ஹபில் களாவோடு ஒரு நாளுக்கு ஒரு முத்து தானியம் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு முத்து என்பது சுமார் 600 முதல் 750 கிராம் அரிசி. ஹனஃபியில் களா மட்டும் போதும். ரமலான் பகலில் உடலுறவு கொண்டு நோன்பை முறித்தால் களாவோடு கனத்த கஃப்பாராவும் (பரிகாரமும்) சேரும்: அடிமையை விடுதலை செய்வது, அது இயலாதபோது இரண்டு மாதம் தொடர் நோன்பு, அதுவும் இயலாதபோது அறுபது ஏழைகளுக்கு உணவு. வேண்டுமென்றே உண்டு பருகி முறித்தாலும் இதே கஃப்பாரா என்கிறார்கள் ஹனஃபிகளும் மாலிகிகளும். ஷாஃபியிலும் ஹன்பலியிலும் களாவும் தவ்பாவும்தான். பெரும்பாலோர் தவறுவது வரிசையில். மாலிகி தவிர்த்த மத்ஹபுகளில், நோன்பு நோற்கத் தெம்புள்ளவர் பணத்தைக் கொடுத்து அறுபது பேர் சாப்பாட்டுக்குத் தாவ முடியாது. அறுபது நாளில் ஒரு நாள் காரணமின்றி விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கஃப்பாராவின் மூல நிகழ்ச்சி மறக்கக் கூடாதது. "நான் அழிந்தேன்" என்று பதறி வந்த மனிதரால் மூன்றில் எதுவும் முடியவில்லை. அப்போது ஒரு கூடை பேரீச்சம்பழம் வந்தது. "இதைத் தர்மம் செய்யும்" என்று நபி (ஸல்) கொடுத்தார்கள். "என்னைவிட ஏழைக்கா? மதீனாவின் இரண்டு எல்லைக்குள் எங்களைவிட ஏழைக் குடும்பம் இல்லையே" என்றார் அவர். நபி (ஸல்) கோரைப்பல் தெரியச் சிரித்து, "உம் குடும்பத்துக்கே உண்ணக் கொடும்" என்றார்கள். சட்டம் கடுமையானது, அதைச் சொன்னவரின் மனம் எப்படிப்பட்டது என்பது இதில் தெரிகிறது.

ஸகாத் பாக்கி கடன் போன்றது. ஆண்டுகள் கடந்தாலும் காலாவதி ஆகாது. ஐந்து ஆண்டு கொடுக்கவில்லை, ஒவ்வொரு ஸகாத் நாளிலும் கையிருப்பு 2, 3, 4, 4, 5 லட்சம் இருந்தது என்றால் மொத்தம் 18 லட்சம், அதில் இரண்டரை சதவீதம் 45,000 ரூபாய். முந்தைய ஆண்டின் பாக்கியைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாமா என்பதில் மத்ஹப் வேறுபாடு உண்டு; கழிக்காமல் கொடுப்பது பேணுதல். பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபியில் ஸகாத் உண்டு, வழக்கமான அளவுக்கு ஷாஃபியில் இல்லை. பழைய கணக்கைப் போடும் முன் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஹஜ்ஜுக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடாதா? தீய பேச்சும் பாவமும் இன்றி ஹஜ் செய்தவர் தாய் பெற்ற நாளில் இருந்ததுபோல் திரும்புகிறார் என்பது ஸஹீஹான ஹதீஸ். அது பெரும்பாவங்களையும் அழிக்கும் என்று சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களும்கூட, தொழுகையைத் தாமதித்த குற்றம் போகும், தொழ வேண்டிய கடமை போகாது என்றார்கள். கடனும் அப்படியே. ஹாஜியார் என்ற பெயரோடு ஊர் திரும்பினாலும் பழைய கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான்.

மனிதருக்குத் தர வேண்டியது

ஹக்குல் இபாத் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் மனித உரிமைக் கணக்குதான் மிகவும் கடினம். ஷஹீதுக்கு எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று முஸ்லிமில் இருக்கிறது. உயிரைக் கொடுத்தவருக்கே இந்த விதிவிலக்கு. "திவாலானவர் யார்?" என்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் அவர்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமையில் வந்து, இவரைத் திட்டி, அவர்மேல் அவதூறு சொல்லி, இன்னொருவர் பொருளைத் தின்று, இன்னொருவரை அடித்திருப்பவர். அவர் நன்மைகள் ஒவ்வொருவருக்காகப் பங்கிடப்படும். தீர்ந்துபோனால் அவர்களின் பாவங்கள் இவர்மேல் சுமத்தப்படும். அங்கே தீனாரும் திர்ஹமும் இல்லாததால் இன்றே தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது புகாரியில் உள்ள கட்டளை.

பொருளில் வழி தெளிவு. திருடியது, ஏமாற்றியது, எடைகுறைத்தது, எதுவானாலும் உரியவரிடம் திரும்பச் சேர வேண்டும். ‘நான்தான் திருடினேன்’ என்று போய் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. பெயர் தெரியாத வகையில் பணம் போய்ச் சேர்ந்தாலும் கடமை நீங்கும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. யாரையும் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் அவர் பெயரில் தர்மம். பின்னாளில் அவர் வந்து கேட்டால் கொடுக்கும் பொறுப்போடு. வட்டியாக வந்த பணத்தில் ‘மூலதனம் உங்களுக்கு’ என்று 2:279 கோடு போட்டிருக்கிறது. மிச்சத்தை யாரிடம் வாங்கினோமோ அவருக்கே திருப்பலாம். வங்கியில் சேர்ந்ததுபோல் உரியவர் தெரியாத பணமென்றால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்து வெளியேற்றச் சொல்கிறார்கள் ஆலிம்கள். அதைக் கொண்டு ஸகாத்தை அடைக்க முடியாது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பேசப்படாமல் கிடக்கும் இரண்டு பாக்கிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, பெண் வீட்டாரிடம் வாங்கிய கைக்கூலி. தவ்பா செய்தேன் என்பவர் வாங்கிய தொகையையும் நகையையும் கொடுத்தவரிடமே திருப்ப வேண்டும்; செலவழிந்திருந்தால் தவணையில். மனைவிக்கு எழுதிவைத்துத் தராத மஹரும் (மணக்கொடையும்) கணவன்மேல் கடன்தான். மற்றொன்று, பெண்ணின் வாரிசுப் பங்கு. தகப்பன் 40 லட்சம் விட்டுச் சென்று, மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5 லட்சம், மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். "கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்" என்று அந்த 7 லட்சத்தை எடுத்துக்கொள்வது அடுத்தவர் பொருளை உண்பது. அடுக்கடுக்காக உம்ரா போனாலும் அது கழியாது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம், தாராளமாக. ஆனால் தொகை எவ்வளவு என்று தெரிந்து, அது கைக்கு வந்து, நெருக்கடி இல்லாத நிலையில் விட வேண்டும். பத்திர அலுவலகத்தில் அண்ணன்மார் சூழ நிற்க ‘விடுதலை’ எழுதிக்கொடுத்தது மனமுவந்ததா என்பதை அல்லாஹ் அறிவான்.

மானத்தில் வழி அவ்வளவு நேரானதல்ல. புறம் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எட்டவில்லை என்றால், போய்ச் சொல்வதே புதிய காயமாகிவிடும். அவருக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, எந்தச் சபையில் தாழ்த்திப் பேசினோமோ அங்கேயே அவர் நல்லதைப் பேசுவது போதும் என்று பல அறிஞர்கள் சொன்னார்கள். இதுவே நடைமுறைக்கு உகந்தது என்று தோன்றுகிறது. அவதூறு அப்படியல்ல. சொன்னது பொய் என்று, கேட்டவர்களிடமே வெளிப்படையாக மறுக்க வேண்டும். உண்மையை மறைத்தவர்களின் தவ்பாவைப் பற்றி 2:160 ‘திருந்தி, தெளிவுபடுத்தியவர்கள்’ என்கிறது. பலருக்கு அனுப்பிய பொய்ச் செய்தியைத் தன் கைபேசியில் மட்டும் அழித்தால் போதாது. போன இடமெல்லாம் மறுப்பும் போக வேண்டும்.

ரமலானுக்கும் ஹஜ்ஜுக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் வரும் ‘தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்’ என்ற பொதுச் செய்தி எந்த அளவுக்குப் பயன்படும்? உறவுகளை இளக்கும் நல்ல வழக்கம் அது, வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ‘மன்னித்தேன்’ என்று பதில் போட்டவருக்குத் தான் எதை மன்னித்தோம் என்றே தெரியாது. அளவு தெரியாத உரிமையை விட்டுக்கொடுப்பது செல்லாது என்பது ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து. உண்மையிலேயே கணக்கு இருக்கும் அந்த நான்கைந்து பேரை மட்டுமாவது நேரில் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தேவையில்லாத இடத்தில் சொல்வது. திருமணத்துக்கு முன் நடந்த பாவத்தை ‘மனசாட்சி உறுத்துகிறது’ என்று கணவனிடமோ மனைவியிடமோ கொட்டி, குடும்பம் சிதைந்த பிறகு முஃப்தியிடம் வருகிறார்கள். அல்லாஹ் மறைத்ததை மறைத்தே வைக்க வேண்டும். இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் ‘நேற்று இன்னின்னது செய்தேன்’ என்று தானே வெளியே சொல்பவரை நபி (ஸல்) மன்னிப்பிலிருந்து விலக்கிச் சொன்னார்கள். மிஃக்ஃபர் என்ற தலைக்கவசத்தைத் தானே கழற்றி வைப்பதுபோல அது.

இஸ்லாத்துக்கு வருபவர்

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) பைஅத் (உறுதிமொழி) செய்யக் கையை நீட்டிய நபியிடமிருந்து தன் கையை இழுத்துக்கொண்டார். "ஒரு நிபந்தனை, என் பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டும்" என்றார். "இஸ்லாம் தனக்கு முன்னுள்ளதை அழித்துவிடும், ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக ஊரைத் துறப்பது) அழித்துவிடும், ஹஜ் அழித்துவிடும் என்பது உமக்குத் தெரியாதா?" என்றார்கள். புதிதாக இஸ்லாத்தை ஏற்றவருக்கு முந்தைய வாழ்வின் தொழுகை, நோன்பு எதற்கும் களா இல்லை. முன்பு செய்த நற்செயல்களும் வீணாகாது; ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கேட்டபோது, முன்செய்த நன்மைகளோடுதான் இஸ்லாத்துக்கு வந்திருக்கிறீர் என்று பதில் கிடைத்தது. இவ்வளவு விரிந்த மன்னிப்பிலும் அடுத்தவர் பொருள் தனியாக நின்றது. முஃகீரா இப்னு ஷுஅபா (ரலி) அறியாமைக் காலத்தில் தன்னை நம்பி வந்த கூட்டத்தாரைக் கொன்று, அவர்கள் பொருளோடு வந்து இஸ்லாத்தை ஏற்றார். "இஸ்லாத்தை ஏற்றுக்கொள்கிறேன், பொருளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று நபி (ஸல்) சொல்லிவிட்டார்கள்.

காலக்கெடுவும் முடியாத கணக்கும்

உயிர் தொண்டைக்குழியை எட்டும்வரை தவ்பா ஏற்கப்படும். கடல் மூடியபோது எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் சொன்ன ஈமான், "இப்போதா?" என்ற ஒரே கேள்வியோடு தள்ளப்பட்டதை 10:91 சொல்கிறது. நமக்கு அந்த நேரம் எப்போது என்று தெரியாததால் கணக்கைத் தொடங்குவது அவசரம்.

அப்படியானால் 17,700 தொழுகையில் நானூறு முடிந்த நிலையில் இறந்துபோனால்? கடனில் பாதி அடைத்த நிலையில் மூச்சு நின்றால்? திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்கியவர் சார்பில் அல்லாஹ்வே நிறைவேற்றுவான் என்று புகாரியில் உள்ளது. பாக்கியை எழுதிவைத்து, வஸிய்யத் (மரண சாசனம்) செய்து, வாரிசுகளிடம் சொல்லிவைப்பது அந்த எண்ணத்துக்குச் சாட்சி.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற மனிதர், தவ்பா இல்லை என்று சொன்ன துறவியையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் அறிஞரிடம் போனார். "உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே யார் நிற்க முடியும்? இந்த ஊர் கெட்ட ஊர், அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கும் அந்த ஊருக்குப் போ" என்றார் அறிஞர். பாதி வழியில் மரணம் வந்தது. அந்த நிலையிலும் நெஞ்சை அந்த ஊர்ப் பக்கம் தள்ளினார். ரஹ்மத்தின் (அருளின்) வானவர்களும் அதாபின் (வேதனையின்) வானவர்களும் அவருக்காக வாதிட்டார்கள். இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொல்லப்பட்டது. நல்ல ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாகக் கிடந்தார். ரஹ்மத்தின் வானவர்கள் அவரை எடுத்துக்கொண்டார்கள்.